கண்ணு போட்டது நானுங்க

மேடையில நிக்கற பொண்ணோட எடது கண்ணைப் பாத்தீங்களா தம்பி? இங்கிருந்தே தெரியுது. ஓரத்துல கறுப்பு தனியா நிக்குது, உள்ளுக்குள்ள ரோசு தனியா நிக்குது, நடுவுல வரப்பு வெட்டுனாப்புல ஒரு கோடு. தேய்ச்சுக் கலக்கவே இல்ல. வலது கண்ணு பரவால்ல. எடது கண்ணுக்கு வர்றப்ப போட்டவங்களுக்குப் பசி எடுத்திருச்சாட்ட இருக்குது.

சேச்சே, எனக்கென்னங்க தெரியும் அதைப்பத்தி? நான் வெள்ளகோயில்ல மாட்டுத்தீவனக் கடை வெச்சிருக்கறவன். புண்ணாக்கு, தவிடு, பருத்திக்கொட்டை. பேரு சென்னியப்பன். ஆம்பளைக்கு எதுக்குங்க இந்த ஐ ஷேடோ பேச்சு நாயமெல்லாம்? சும்மா கண்ணுல பட்டுது, சொன்னேன்.

நீங்க மாப்பிள்ளை கூட வேல பாக்கறவருங்களா? அப்பச் செரி. எங்க ஒறம்பரை, சொந்தபந்தம் யாரையும் உங்களுக்குத் தெரியாது. பந்தியில இன்னும் எலையே எடுக்கலை, நம்ம மொறை வர்றதுக்குள்ள சொல்லிப்போடறேன். சேரைச் சித்த இக்கட்டால இழுத்துப் போடுங்க. எனக்கு ஒரு அநியாயம் நடந்து போச்சு தம்பி. கேக்கறதுக்கு எங்கூட்டுல ஒரு ஆளு கெடையாது.

என்ற ஊட்டுக்காரி துளசிமணி. நல்லவதானுங்க, குத்தஞ் சொல்லலை. அவ பொறந்தவன் ஊடு திருப்பூருல. அண்ணன் பொண்டாட்டி சுலோச்சனான்னு. அவிய புது ஊடு கட்டிப் பால் காய்ச்சுனாங்க. பொம்பளைகளுக்கு மேக்கப் போட்டு உடறதுக்குன்னு பியூட்டீசியன் ஒரு அம்மிணியைக் கூட்டிட்டு வந்திருந்தாங்க. எல்லாரும் வரிசையா உக்காந்தாங்க. இவளும் போயி உக்காந்தா. சுலோச்சனா பாத்துட்டு, "அட துளசிக்கு எதுக்கு? சித்த பவுடரு பூசிக்கிட்டாப் போதும். தவுட்டு மூட்டைக்கு நடுவுல யாரு பாக்கப் போறா?"ன்னுருச்சு.

சிரிச்சுட்டுத்தான் சொல்லுச்சு. எல்லாருஞ் சிரிச்சாங்க. துளசியுஞ் சிரிச்சா.  ஊட்டுல வந்து எறங்குனதும், "மௌனிகா நிச்சயத்துக்கு நானே போட்டுக்கறேன். ஊட்லயே போட்டுக்கறேன். அவ பாத்து வாயப் பொளக்கோணும்"னா. மௌனிகாங்கறது சுலோச்சனா பொண்ணு. எங்களுக்குப் புள்ள இல்லைங்க, அந்தப் பொண்ணு எங்க மடியில வளந்தவ.

ஒரு பொட்டி தபால்ல வந்துச்சு. தொறந்தா, நம்ம கடையில சாம்பிளுக்கு வெக்கற தட்டாட்டம் குழி குழியாக் கலரு. எனக்கு அதுல ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. சிக்கல் எங்க வந்துச்சுன்னா, அவளுக்குப் பக்கத்துல இருக்கறது தெரியாது. கண்ணாடி போட்டாக் கண்ணு தெரியும், பிரஷ் உள்ள போகாது. கண்ணாடியக் கழட்டுனா பிரஷ் போகும், கண்ணு எங்க இருக்குதுன்னு தெரியாது. மொத நாளு போட்டுக்கிட்டு வாசலுக்கு வந்தா. பால் ஊத்தறவரு கேனைக் கீழ வெச்சுட்டு, "அம்மிணிக்கு என்னங்க, கொளவி கொட்டிருச்சா?"ன்னு கேட்டுப்போட்டாரு.

அப்பறந்தான் என்ற மேல திரும்புனா. "உங்களுக்குப் போட்டுப் பழகறேன், கண்ணை மூடுங்க."

"எனக்கெதுக்குடி?"

"மூடுங்கன்னா மூடோணும்."

மூடுனேன். வேற என்ன பண்றது? போனைச் சாம்பார்ப்பொடி டப்பாமேல சாத்தி வெச்சுக்கிட்டு, அதுல ஒரு பொண்ணு சொல்லச் சொல்ல இவ எம் மூஞ்சியில தடவறா. கண்ணாடி இல்லாம தூரமாப் போயி நின்னு பாக்கறா, கண்ணாடி போட்டுக்கிட்டுக் கிட்ட வந்து பாக்கறா. எனக்குச் சொகமாத் தூக்கம் வந்துருச்சு. நெசமாச் சொல்றேன் தம்பி, கல்யாணமாகி இத்தன வருசத்துல அவ எம் மூஞ்சிய அவ்வளவு நேரம் பாத்ததே இல்ல.

வெனை என்னன்னா, கழுவாம கடைக்குப் போயிட்டேன். மறந்து போச்சு. ராக்கியப்பண்ணன்னு ஒருத்தரு, எப்பவும் கடலைப் புண்ணாக்கு வாங்கறவரு, வந்து நின்னு என்னையவே பாக்கறாரு.

"ஏப்பா, கண்ணுக்கு என்ன?"

"பூச்சி கடிச்சிருச்சுங்கண்ணா."

"ரெண்டு கண்ணுலயுமா?"

"ஆமாங்கண்ணா."

"பச்சையாவா?"

அவரு போனதும் வண்டிக் கண்ணாடியில பாத்தேன். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! கலரு போட்டு உட்டாளேன்னு இல்லைங்க. வலது கண்ணு ஒரு மாதிரி, எடது கண்ணு ஒரு மாதிரி. ஒண்ணு மேல ஏறிக் கெடக்குது, ஒண்ணு கீழ வழிஞ்சு கெடக்குது. செய்யறதைத் திருத்தமாச் செய்ய வேண்டாமுங்களா? நம்ம கடையில தவிட்டையும் புண்ணாக்கையும் கலந்தா, இது தவிடு, இது புண்ணாக்குன்னு பிரிச்சுக் காட்ட முடியாது. அந்தப் பதந்தானே இதுக்கும்?

மத்தியானம் பாதிச் சட்டரை எறக்கிட்டு அந்த வீடியோவப் பாத்தேன். அவ தப்பு எங்க பண்றான்னு கண்டுபுடிச்சுச் சொல்றதுக்குத்தான் பாத்தேன், ஆசைப்பட்டு இல்ல. அப்பறம் இன்னொண்ணு பாத்தேன். அதுல ஒரு பொண்ணு வேற மாதிரி சொல்லுச்சு, செரி, எது செரின்னு பாக்கறதுக்கு மூணாவது ஒண்ணு பாத்தேன். விசயம் என்னன்னா தம்பி, மொதல்ல இமை மேல ஒரு வெறும் பூச்சுப் பூசோணும், அப்பத்தான் கலரு புடிச்சு நிக்கும். அப்பறம் இமைக்கு மேல எலும்பு உள்ள போகுதில்லீங்களா, அந்தக் குழியில லேசான காப்பிக் கலரு. பிரஷ்ஷை அமுத்தப்படாது. பஸ்ஸுல முன்னாடிக் கண்ணாடியத் தொடைக்குமே, அதாட்டம் அக்கட்டால இக்கட்டால. அதுக்கப்பறந்தான் வெளி ஓரத்துல அடர்த்தி. நடு இமையில மினுக்கறதை வெரல்ல தொட்டு வெக்கோணும், பிரஷ்ல வெக்கப்படாது. இதுதான் மொத்தமே. இதைப் போயி அவளுக்கு மாசக்கணக்காப் புரியலை.

நம்ம காங்கயம் மாட்டுக் கண்ணைப் பாத்திருக்கீங்களா? சுத்தியும் கறுப்பு, வெளியில வர வர மங்கி மங்கி ரோமத்தோட கலந்துரும். எங்க ஆரம்பிச்சுது, எங்க முடிஞ்சுதுன்னு சொல்ல முடியாது. வாழ்நாளெல்லாம் பாத்திருக்கறேன், அப்பத்தான் கவனிச்சேன். ஒருத்தரு பசுவை ஓட்டிக்கிட்டுக் கடைக்கு வந்தாரு. நான் கிட்டப் போயி உத்துப் பாத்துக்கிட்டே நின்னேன். "மாட்டை வெல பேசறீங்களா?"ன்னாரு. "இல்லீங்க, கண்ணைப் பாக்கறேன்"னேன். அவரு அதுக்கப்பறம் எங்கடைக்கு வர்றதில்ல.

நிச்சயத்தன்னைக்கு அவ கண்ணாடி முன்னால உக்காந்து அழுக ஆரம்பிச்சுட்டா. போட்டுப் போட்டுக் கழுவி, இமையெல்லாம் செவந்து போச்சு. "சுலோச்சனா சொன்னதுதான் செரி, நமக்குப் பவுடரு போதும்"னா. எனக்கு மனசு கேக்கலை. "இங்க கொண்டா"ன்னு பிரஷ்ஷை வாங்கிட்டேன்.

"உங்களுக்கென்ன தெரியும்?"

"கண்ணை மூடு."

ஓரத்துல கோடு கத்தியாட்டம் நிக்கோணுமில்லீங்களா? அதுக்குக் கண்ணு முடியற எடத்துலருந்து புருவத்துக்கு வாக்குல செல்லோ டேப் ஒட்டிக்கிட்டுக் கலரு போடோணும். மொதத் தடவ அப்பிடியே ஒட்டி உரிச்சேன், அவ கத்துனதுல பக்கத்தூட்டு நாயி கொலைச்சிருச்சு. ரெண்டாவது, எம் பொறங்கையில ஒட்டி எடுத்துப் பசையக் கொறைச்சுட்டு ஒட்டுனேன். வீடியோவுல அதையெல்லாம் சொல்லலை, நானாக் கண்டுபுடிச்சது. மாம்பழக் கலரு சேலைக்குத் தாமரக் கலரும் காப்பிக் கலரும். முடிச்சுக் கண்ணாடியப் போட்டுப் பாத்தா.  மறுக்காப் பாத்தா. "ஏனுங்"னா. "என்ன"ன்னேன். "ஒண்ணுமில்லீங்"னா.

மண்டபத்துல சுலோச்சனா ஓடி வந்து அவ மொகவாயப் புடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாக்குது. "துளசி! யாரு போட்டது?"

நான் பக்கத்துல நிக்கறேன். வாயில பாயாசம்.

"நானேதான். ஊட்லயே போட்டுக்கிட்டேன். போனைப் பாத்து"ன்னா, கூசாம.

பாயாசம் பொரையேறிருச்சு. நாலு பேரு வந்து தலையில தட்டுனாங்க. அவளும் தட்டுனா.

வர்ற வழியில வண்டிய ஓரமா நிறுத்திட்டுக் கேட்டேன். "ஏன்டி அப்பிடிச் சொன்ன?"

"பின்ன? என்ற புருசன் போட்டு உட்டாருன்னு சொல்லவா? உங்களுக்குத்தான் கேவலம்."

"எனக்கென்ன கேவலம்?"

"அப்பச் சொல்லிப்போடட்டா? இப்பவே போன் போட்டு?"

"வேண்டா."

வேண்டான்னு சொன்னது நாந்தான், இல்லைங்கலை. ஆனா தம்பி, அவ ரெண்டாந் தடவ கேட்டிருக்கோணுமா இல்லியா? மனுசன் மொதத் தடவ வேண்டாம்பான். சோறு போடறப்ப நீங்க வேண்டாம்பீங்க, ஊட்டுக்காரங்க உட்டுருவாங்களா?

அதுலருந்து ஊர்ல எந்த விசேசமா இருந்தாலும் துளசியக் கண்ணுக்கு உதாரணமாச் சொல்றாங்க. "துளசிக்கா மாதிரிப் போடோணும்", "துளசிக்காகிட்டக் கேளு." இவ கூச்சமில்லாம யோசனை வேற சொல்றா. ஒருக்கா ஒருத்திகிட்ட, மினுக்கறதைப் பிரஷ்ல வெய்யின்னு சொல்லிக்கிட்டிருந்தா. நான் பக்கத்துல உக்காந்து பேப்பரு படிக்கறாப்புல இருக்கறேன். எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? நெனைச்சுப் பாருங்க.

அடுத்தாப்புல மௌனிகா கல்யாணம் வந்துச்சு. மொத நாளு பொழுதோட, சாயங்காலமே ரிசப்சன். கோயமுத்தூருலருந்து பெரிய பியூட்டீசியன் ஏற்பாடு. மத்தியானம் அந்த அம்மிணி போன் பண்ணுச்சு, மெட்ராஸ் ஐ வந்துருச்சாம். வர்றேன்னாலும் யாரு கிட்ட உடறது? கல்யாணப் பொண்ணு ரெண்டு கண்ணும் செவந்து மேடையில நின்னா நல்லாவா இருக்கும்? சுலோச்சனா தலையில கைய வெச்சுக்கிட்டு உக்காந்துருச்சு. சமையக்காரருகூடக் கரண்டியோட வந்து எட்டிப் பாக்கறாரு. வேற ஆளைப் புடிக்க நேரமில்ல. தலைக்கும் மூஞ்சிக்கும் ஒறம்பரையில ரெண்டு புள்ளைக பாத்துக்கறேன்னுச்சுக. கண்ணுக்கு?

மௌனிகா சொல்லிருச்சு. "துளசி அத்தை இருக்கறாங்களே! அத்தை போட்டு உட்டாப் போதும்."

எல்லாரும் துளசியப் பாக்கறாங்க. துளசி என்னையப் பாக்கறா. அந்த முழியப் பாத்திருக்கோணும் நீங்க! நான் மேல ஃபேனைப் பாத்தேன்.

வராந்தாவுல வந்து எங்கையப் புடிச்சுக்கிட்டா. "ஏனுங், எப்பிடியாச்சும் காப்பாத்துங்க. புள்ளையோட நல்ல நாளு. நான் போட்டாப் பால்காரரு கேட்டாப்புலதான் கேப்பாங்க."

"நெசத்தச் சொல்லிரு."

"இப்பச் சொன்னா சுலோச்சனா நம்புவாளா? தவுட்டுக் கை எம் புள்ள கண்ணுல படப்படாதும்பா."

அது உண்மைதான். அதனால ஒரு ரோசனை பண்ணுனோம். ஐ ஷேடோ போடறதுக்குக் கண்ணை மூடித்தானே ஆகோணும்? இவ பேசறது, நான் போடறது. ரூமுல மத்தவங்களையெல்லாம் வெளிய தாட்டிட்டு, நான் பாத்ரூமுக்குள்ள நின்னுக்கிட்டேன். மௌனிகா கண்ணை மூடுனதும் கால்ல செருப்பில்லாம வந்தேன்.

"மூடு கண்ணு, நான் சொல்ற வரைக்கும் தொறக்கப்படாது"ங்கறா துளசி, நாலடி தள்ளி நின்னுக்கிட்டு. நான் குழியில காப்பிக் கலரு போடறேன்.

"அத்தை, உங்க கை என்னங்க இவ்வளவு சொரசொரன்னு இருக்குது?"

"பாத்திரம் வெளக்குன கை அம்மிணி."

"புண்ணாக்கு வாசம் அடிக்குதுங்கத்தை."

"உங்க மாமனோட துண்டை எடுத்துட்டு வந்துட்டேன்."

"உங்க கொரலு அங்கிருந்து வருது, கை இங்க இருக்குது?"

"ஃபேன் காத்துக்கு அப்பிடித்தான் கேக்கும்."

அந்த நேரம் பாத்து, அந்தக் கலருப் பொடி மூக்குல ஏறிருச்சு. நான் தும்முனா எப்பிடியிருக்கும்னு எங்கடைத் தெருவுக்கே தெரியும். அடக்கிப் பாத்தேன். முடியலை. போட்டேன் ஒண்ணு. பவுடரு டப்பா மூடி உழுந்து உருளுது.

"அத்தை?" பொண்ணு பயந்து போச்சு.

"சளி புடிச்சிருக்குது கண்ணு"ங்கறா துளசி, கூசாம.

ஆனா அந்தக் கண்ணைப் போட்டேன் தம்பி. அரக்குப் பட்டுக்கு ஓரத்துல அரக்கு, குழியில காப்பி, நடுவுல பழைய தங்கத்தோட மினுக்கு. ரெண்டு கண்ணும் ஒண்ணாட்டம். நான் தூக்கி வளத்த புள்ள. மூடுன கண்ணோட அப்பிடியே நம்பி மூஞ்சியக் குடுத்துட்டு உக்காந்திருக்குது. கை நடுங்கிரப்படாதுன்னு மூச்சைப் புடிச்சுக்கிட்டேன். முடிச்சுப் பாத்ரூமுக்குள்ள போயி நின்னதுக்கப்பறந்தான் மூச்சு உட்டேன். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. பொடி தான், வேறொண்ணுமில்ல.

மேடைக்குப் பொண்ணு வந்துச்சு பாருங்க, மண்டபமே திரும்பிப் பாத்துச்சு. பெரிய திரை ஒண்ணு வெச்சு, கேமராக்காரரு எடுக்கறதையெல்லாம் அதுல காட்டறாங்க. பொண்ணு சிமிட்டறப்பெல்லாம் அந்தத் தங்கம் பளிச்சு பளிச்சுங்குது. மாப்பிள்ளையோட அம்மா, பொள்ளாச்சிக்காரங்க, எடுப்பானவங்க, மைக்க வாங்கி, "எம் மருமவ கண்ணுக்கு இவ்வளவு அழகாப் போட்டு உட்டது யாருங்க? மேடைக்கு வரோணும்"னாங்க.

சுலோச்சனா துளசியக் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போகுது. ஒரு பொன்னாடை வேற எங்கிருந்தோ வந்துருச்சு. என்ற பொண்டாட்டி தலையக் குனிஞ்சுக்கிட்டு, வெக்கப்பட்டாப்புல நிக்கறா. பொன்னாடைய விரிக்கறாங்க.

எனக்கு ஒடம்பெல்லாம் காந்துச்சு தம்பி. கேவலமாவது மண்ணாவது! எப்பிடி மேடைக்கு ஏறுனேன்னு தெரியாது. மைக்குக்கு முன்னால போயிக் கத்திட்டேன். "நிறுத்துங்க! பொண்ணுக்குக் கண்ணு போட்டது நானு!"



முன்வரிசையில ஒரு ஆத்தா, "அட பாவி, நல்ல நாளும் அதுவுமா"ன்னு நெஞ்சுல கைய வெச்சுருச்சு. "கண்ணு போட்டானாமா!" "எவன்டா அவன்?" "பொண்ணோட மாமனே கண்ணு போட்டுட்டானாமா!" ஒருத்தரு பூசணிக்காயக் கொண்டான்னு கத்தறாரு. சுலோச்சனா, "ஏனுங்கண்ணா, எம் புள்ள உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு?"ன்னு கேக்குது. "அந்தக் கண்ணு இல்லீங்க, இந்தக் கண்ணு"ன்னு நான் எங்கண்ணைக் காட்டறேன். இன்னும் மோசமாப் போச்சு.

மௌனிகா சிரிக்க ஆரம்பிச்சுச்சு. சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி தாரை தாரையா ஊத்துது. எனக்குச் சண்டை, பொன்னாடை, சபை எல்லாம் மறந்து போச்சு. ஓரத்து அரக்கு கரைஞ்சு எறங்குது! கன்னத்துக்கு வந்துச்சுன்னா முடிஞ்சுது கதை. சட்டப் பையில பேனாவோட ஒரு சின்ன பிரஷ்ஷும் காது கொடையற பஞ்சுக் குச்சியும் எப்பவும் வெச்சிருப்பேன். எதுக்கும் இருக்கட்டும்னுதான். எடுத்துட்டு ஒரே எட்டு.

"மேல பாரு கண்ணு. சிமிட்டாத. சிரிப்ப நிறுத்து, நிறுத்துங்கறேன்!"

பஞ்சுல ஒத்தி எடுத்தேன், தேய்க்கலை. தேய்ச்சாப் பரவிரும். ஓரத்துல பிரஷ்ஷை வெச்சு மேல தூக்கி உட்டேன். எடது கண்ணு. வலது கண்ணு. தள்ளி நின்னு பாத்தேன். மறுக்கா எடது கண்ணுல லேசா ஒரு தொடு.

"ம். இப்பச் செரி"ன்னு நிமுந்தா, மண்டபமே திரையப் பாக்குது. பாட்டுக்காரங்க பாட்டை நிறுத்திட்டாங்க. கேமராக்காரரு அத்தனையும் திரையில போட்டுட்டாரு. எங்கையும் பிரஷ்ஷும் பொண்ணு கண்ணும் செவுரு ஒசரத்துக்கு. ராக்கியப்பண்ணன் மூணாவது வரிசையில வாயத் தொறந்தவாக்குல உக்காந்திருக்கறாரு.

"மாமா, நீங்களா?"ன்னு மௌனிகா கேட்டுச்சு.

"நாந்தான் கண்ணு"ன்னேன்.

சுலோச்சனா பொன்னாடையக் கையில வெச்சுக்கிட்டு என்னையப் பாக்குது, துளசியப் பாக்குது. யாருக்குப் போத்தறதுன்னு தெரியலை. நான் துண்டைச் செரி பண்ணிக்கிட்டுத் தோளை நிமித்தி நின்னேன். அப்ப துளசி மைக்க வாங்குனா. நெசத்தச் சொல்லப் போறா, ஒரு வழியா வந்துச்சு நம்ம காலம்னு நெனைச்சேன்.

"ஆமாங்க. கையிதான் அவருது. எல்லாம் நான் சொல்லிக்குடுத்தது"ன்னா. "மொதல்ல அவருக்குக் கண்ணை மூடி உக்காரவே தெரியாதுங்க. மாசக்கணக்காப் பழக்கி வெச்சிருக்கறேன்."

அய்யோ, கைதட்டு! மண்டபம் இடிஞ்சு போயிரும்! ஒரு தீவனக் கடைக்காரனையே பழக்கி வெச்சிருக்கறான்னா அவ எப்பேர்ப்பட்டவங்கறாங்க. பொன்னாடைய அவளுக்கே போத்திட்டாங்க. அன்னையிலருந்து ஒறம்பரை ஊட்டுப் புள்ளைகெல்லாம் அவகிட்டத்தான் கத்துக்க வருது. அவ சேர்ல உக்காந்து வாயில சொல்றா, நான் போட்டுக் காட்டறேன். சொல்லுங்க தம்பி, மனசாச்சியத் தொட்டுச் சொல்லுங்க, அவளா எனக்குச் சொல்லிக்குடுத்தா?

அன்னைக்கு மேடையில, கேமராக்காரரு பொன்னாடையோட அவ மூஞ்சியத் திரையில பெருசாப் போட்டாரு. காலையில ஊட்டுல நான் போட்டு உட்ட கண்ணு. செவுரு ஒசரத்துக்குத் தெரியுது. ஒரு பிசிறில்ல, ஒரு கோடு தனியா நிக்கலை. அவ கீழ பாத்து இமையத் தாழ்த்தறப்ப அந்தத் தாமரக் கலரு மெல்ல மெல்ல மங்கிப் புருவத்துக்குள்ள போயிருச்சு. எங்க முடிஞ்சுதுன்னு எனக்கே தெரியலை.

நானுந் தட்டுனேன் தம்பி. எல்லாரு கையும் ஓஞ்சு போச்சு, நான் மட்டுந் தட்டிக்கிட்டே நின்னேன். பொண்டாட்டி மேல இந்த மனுசனுக்கு எவ்வளவு பிரியம்னு பொள்ளாச்சிக்காரம்மா கண்ணைத் தொடைச்சுக்கிட்டாங்க. நெனைச்சுக்கட்டும். நான் தட்டுனது எனக்குங்க.